நாஸில் இருக்கும் படம் கேம் கன்சோலில் ஓட மறுத்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைந்த ஹார்ட் டிஸ்க் பெட்டி) இருக்கிறது, அல்லது ரவுட்டரின் பின்னால் செருகிய ஒரு ஹார்ட் டிஸ்க். ஹாலில் டிவிக்குக் கீழே பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ இருக்கிறது. அங்கே உள்ள படம் இங்கே ஓட வேண்டும். கேட்க எளிது, ஆனால் உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையே போய்விடும்.

கோளாறுகள் எத்தனை இருந்தாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். சர்வரே, அதாவது படத்தைக் கொடுக்கும் பெட்டியே, கன்சோலில் தெரியாதது ஒன்று. சர்வர் தெரிந்தும் ஃபைல் திறக்காதது, அல்லது சத்தம் வராதது இரண்டாவது. எல்லாம் சரியாக இருந்தும் படம் நின்று நின்று ஓடுவது மூன்றாவது. முதலாவதற்குக் காரணம் நெட்வொர்க் அமைப்பு, அடுத்ததற்கு ஃபைலின் வடிவம், கடைசிக்கு வேகம். எது என்று தெரியாமல் கை வைப்பதால்தான், ஃபைல் வடிவம் பிடிக்காமல் படம் ஓடாத வீட்டில் புது ரவுட்டர் வந்து இறங்குகிறது.

என் கன்சோலில் இது முடியுமா?

கன்சோலைப் பொறுத்தது. வீட்டு நெட்வொர்க்கில் படம் அனுப்ப டிஎல்என்ஏ என்ற பொது ஏற்பாடு ஒன்று உண்டு. 2003இல் சோனி, இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கியது. அந்த அமைப்பு 2017இல் கலைக்கப்பட்டாலும் அது வகுத்த முறை நாஸ்களிலும் டிவிகளிலும் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

பிஎஸ்3இல் 2007 முதலே டிஎல்என்ஏ உண்டு. பிஎஸ்4 கடைக்கு வந்தபோது இல்லை. 2015இல் 'மீடியா பிளேயர்' என்ற ஆப்பைத் தனியாக வெளியிட்டார்கள், அதை ஸ்டோரிலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360, விண்டோஸ் கம்ப்யூட்டரின் மீடியா பகிர்வை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. அதனால் அந்தச் சாயலில் பேசும் சர்வர்களைத்தான் அது மதிக்கும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு 2014இல் மீடியா பிளேயர் ஆப் வந்தது. பிறகு விஎல்சி, கோடி, பிளெக்ஸ் என்று வீடியோ ஓட்டும் ஆப்கள் வரிசையாக வந்ததால் இன்று கன்சோல்களில் இந்த வேலைக்கு நல்லது எக்ஸ்பாக்ஸ்தான் என்பேன். பிஎஸ்5க்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது. நின்டெண்டோ ஸ்விட்சில் டிஎல்என்ஏ கிடையாது, அதை விட்டுவிடுங்கள்.

மூன்றில் என் கோளாறு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கையில் இருக்கும் போனே போதும். விஎல்சி ஆப்பைப் போட்டு, போனை அதே வைஃபையில் இணைத்து, ஆப்பில் உள்ளூர் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பாருங்கள். உங்கள் சர்வரின் பெயர் வர வேண்டும். வந்தால், கன்சோலில் தகராறு செய்த அதே படத்தை அங்கே ஓட்டுங்கள்.

போனிலும் பெயர் வரவில்லையா? கோளாறு சர்வரில், அல்லது நெட்வொர்க்கில். பெயர் வந்து படமும் அழகாக ஓடுகிறது, கன்சோல் மட்டும் மறுக்கிறதா? அப்படியானால் அது ஃபைல் வடிவத் தகராறு. விஎல்சி எதைக் கொடுத்தாலும் ஓட்டும், கன்சோல் அப்படியில்லை. போனிலும் திக்கினால் வேகத்தைப் பாருங்கள். முடிந்தால் கன்சோலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ரவுட்டர் அருகில் நின்று பார்த்துவிட்டு 'போனில் ஓடுகிறதே' என்று சொல்வதில் பயன் இல்லை.

சர்வர் பெயரே கன்சோலில் வரவில்லை. எங்கே தொடங்குவது?

முதலில் நாஸின் நிர்வாகப் பக்கம். மீடியா சர்வர் என்ற பகுதி உண்மையிலேயே ஓடுகிறதா பாருங்கள். ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டாலே போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது கம்ப்யூட்டருக்கான பகிர்வு, கன்சோல் அதைப் பார்க்காது. டிஎல்என்ஏ சர்வரைத் தனியாக இயக்க வேண்டும். சைனாலஜி நிறுவனத்தின் நாஸ் என்றால் 'மீடியா சர்வர்' என்ற பேக்கேஜை நிறுவ வேண்டும். பல ரவுட்டர்களில் யூஎஸ்பி டிஸ்க் பக்கத்திலேயே ஒரு டிக் பெட்டியாக இருக்கும்.

சர்வர் ஓடுகிறதா, சரி. அடுத்தது, இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்ற கேள்வி. இங்கேதான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள் ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், அதுவே ஒரு ரவுட்டர். அதன் வைஃபை போதவில்லை என்று நீங்கள் இன்னொரு ரவுட்டர் வாங்கி அதன் பின்னால் மாட்டியிருப்பீர்கள். இப்போது வீட்டில் இரண்டு நெட்வொர்க். நாஸ் முதல் பெட்டியிலும் கன்சோல் இரண்டாவதிலும் இருந்தால் ஒன்றை ஒன்று பார்க்காது. இரண்டின் ஐபி முகவரியையும் எழுதி ஒப்பிடுங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டாவது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களும் ஒரே வரிசை முகவரிக்குள் வந்துவிடும்.

முகவரிகள் ஒரே வரிசையில் இருந்தும் தெரியவில்லையென்றால் கன்சோல் விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா பாருங்கள். விருந்தினர் வைஃபை என்பதே வீட்டுச் சாதனங்களை மறைப்பதற்குத்தான். சில ரவுட்டர்களில் சாதாரண வைஃபையிலும் 'ஏபி ஐசொலேஷன்' என்ற செட்டிங் இருக்கும். அதுவும் அதே வேலையைச் செய்யும், அணைத்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் பின்னால் நடப்பது என்னவென்றால், கன்சோல் ஒவ்வொரு சாதனமாகத் தேடிப் போவதில்லை. 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900ஆம் போர்ட்டில், 'மீடியா சர்வர் யாராவது இருக்கிறீர்களா' என்று ஒரு குரல் கொடுக்கும். சர்வர் பதில் சொன்னால் பட்டியலில் பெயர் வரும். இந்தக் குரல் வழியில் எங்கே தடுக்கப்பட்டாலும் சர்வர் உயிரோடு இருந்தும் இல்லாதது போலத்தான். இணையம் ஜோராக ஓடும், யூட்யூப் ஓடும், சர்வர் மட்டும் தெரியாது.

கொஞ்ச நேரம் தெரிகிறது, அப்புறம் காணாமல் போகிறது. ஏன்?

மேலே சொன்ன குரலைத்தான் மல்டிகாஸ்ட் என்பார்கள். சில ஸ்விட்சுகளிலும் ரவுட்டர்களிலும் 'ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்' என்ற வசதி இருக்கும். யாருக்கு மல்டிகாஸ்ட் வேண்டும் என்று கவனித்து அவர்களுக்கு மட்டும் அனுப்புவது அதன் வேலை. யோசனை நல்லதுதான். ஆனால் 'இன்னும் வேண்டுமா' என்று அவ்வப்போது விசாரிக்கும் சாதனம் ஒன்று அந்த நெட்வொர்க்கில் இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் சில நிமிடங்களில் பட்டியல் காலாவதியாகி, குரல் போய்ச் சேராமல் நின்றுவிடும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தவுடன் தெரிந்து, சற்று நேரத்தில் மறைந்தால் என் சந்தேகம் முதலில் இதன் மேல்தான். வீட்டு நெட்வொர்க்கில் ஸ்னூப்பிங்கை அணைத்துப் பாருங்கள், நஷ்டம் ஒன்றும் இல்லை. இணைய டிவி சேவை அதே ரவுட்டர் வழியே வந்தால் மட்டும், அணைத்தபின் அது சரியாக ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு சர்வர் தெரியவில்லை.

ரவுட்டர், நாஸ், கன்சோல் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும். ரவுட்டர் தயாராகும் முன்பே நாஸ் முகவரி கேட்டு, கிடைக்காமல், தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கலாம். அல்லது பழையதற்குப் பதில் வேறு முகவரி கிடைத்திருக்கலாம். ரவுட்டரில் நாஸுக்கென்று ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். கன்சோலையும் ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்துப் போடுங்கள். பழைய பட்டியலை அது மனதில் வைத்திருக்கும்.

திடீரென்று கரண்ட் போவது நாஸின் டிஸ்குகளுக்கும் நல்லதல்ல. அடிக்கடி மின்வெட்டு உள்ள பகுதியென்றால் ரவுட்டருக்கும் நாஸுக்கும் சேர்த்து ஒரு சின்ன யூபிஎஸ் போடுவது கன்சோலுக்குப் போடுவதைவிட முக்கியம்.

டாக்கரில் சர்வர் போட்டிருக்கிறேன், பிரவுசரில் திறக்கிறது, கன்சோலில் தெரியவில்லை.

டாக்கர் என்பது மென்பொருளை 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் ஏற்பாடு. அதன் வழக்கமான 'பிரிட்ஜ்' நெட்வொர்க்கில் மல்டிகாஸ்ட் உள்ளே வராது. கன்டெய்னரை 'ஹோஸ்ட்' நெட்வொர்க்கில் ஓட்டுங்கள். ஜெல்லிஃபின் என்ற இலவச மீடியா சர்வரை வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 2024இல் வந்த 10.9 பதிப்பிலிருந்து டிஎல்என்ஏ அதற்குள்ளேயே வருவதில்லை, பிளக்கின்னாகத் தனியே சேர்க்க வேண்டும். அப்டேட் செய்த மறுநாள் பிஎஸ்4இல் சர்வர் காணாமல் போனவர்களுக்குக் காரணம் அதுதான்.

நாஸ் இல்லை, விண்டோஸ் கம்ப்யூட்டர்தான் சர்வர்.

நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். கண்ட்ரோல் பேனலில் 'மீடியா ஸ்ட்ரீமிங் ஆப்ஷன்ஸ்' என்று தேடி இயக்குங்கள். அங்கே உங்கள் கன்சோல் தடுக்கப்பட்ட பட்டியலில் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்கும் தனி ஃபயர்வால் இருக்கும், அதையும் பாருங்கள். கம்ப்யூட்டர் தூங்கப் போனால் படமும் தூங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சர்வர் தெரிகிறது, ஆனால் ஃபோல்டர் காலியாக இருக்கிறது. அல்லது புதிதாகப் போட்ட படம் மட்டும் வரவில்லை.

டிஎல்என்ஏ சர்வர் டிஸ்கை நேரடியாகக் காட்டுவதில்லை. முதலில் எல்லாவற்றையும் படித்து ஒரு அட்டவணை தயாரித்து வைத்துக்கொண்டு அதைத்தான் காட்டும். எந்த ஃபோல்டரைப் படிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லியிருக்க வேண்டும். சைனாலஜியில் 'வீடியோ', 'மியூசிக்', 'போட்டோ' என்ற பகிர்வு ஃபோல்டர்களைத்தான் அது முதலில் படிக்கும். 'சினிமா' என்று நீங்களே ஒன்று உருவாக்கி அதில் கொட்டியிருந்தால் அதைப் பட்டியலில் சேர்க்கும்வரை ஒன்றும் வராது.

பழைய படங்கள் வந்து புதியவை மட்டும் வராவிட்டால் அட்டவணையை மறுபடி கட்டச் சொல்லுங்கள். லினக்ஸ் அடிப்படையிலான நாஸிலும் ரவுட்டரிலும் புதிய ஃபைல்களைக் கவனிக்கும் 'ஐநோட்டிஃபை' வசதிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. பழைய அமைப்புகளில் அது 8192 ஃபோல்டர்கள். போட்டோக்களும் பாட்டுகளும் ஃபோல்டர் ஃபோல்டராகக் குவிந்த வீட்டில் அதைத் தாண்டுவது சாதாரணம். தாண்டினால் சர்வர் சத்தமில்லாமல் புதியவற்றைக் கவனிப்பதை நிறுத்திவிடும். வரம்பைக் கூட்டுங்கள். அதற்கு வழியில்லாத பெட்டியென்றால் படங்களுக்கு மட்டும் தனி ஃபோல்டர் வைத்து அதை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்.

'இந்த ஃபைலை இயக்க முடியாது' என்று வருகிறது. அதே படம் லேப்டாப்பில் ஓடுகிறதே?

ஃபைல் பெயரின் வால்பகுதியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எம்கேவி, எம்பி4, ஏவிஐ எல்லாம் டிபன் கேரியர் மாதிரி. உள்ளே வீடியோ ஒரு தட்டில், ஆடியோ ஒரு தட்டில், சப்டைட்டில் இன்னொன்றில் இருக்கும். கேரியரையும் கன்சோலுக்குத் திறக்கத் தெரிய வேண்டும், உள்ளே இருப்பதும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்.

பிஎஸ்3க்கு எம்கேவியே தெரியாது. உள்ளே எவ்வளவு நல்ல வீடியோ இருந்தாலும் திறக்காது. பிஎஸ்4 எம்கேவியைத் திறக்கும். உள்ளே ஹெச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவும், ஏஏசி, எம்பி3, ஏசி3 இவற்றில் ஒரு ஆடியோவும் இருந்தால் ஓட்டும். ஹெச்.265 என்கிற ஹெச்இவிசி இருந்தால் பிஎஸ்4இன் மீடியா பிளேயர் கையை விரித்துவிடும். இன்று சின்ன அளவில் கிடைக்கும் ஃபைல்களில் ஏராளமானவை ஹெச்இவிசிதான், பிஎஸ்4காரர்களின் புலம்பலில் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது. எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ், அதற்குப் பின் வந்தவை ஹெச்இவிசியைத் தாங்கும்.

ஹெச்.264 என்றே இருந்தும் ஓடாததுண்டு. இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, 10 பிட் ஹெச்.264. அனிமே ஃபைல்களில் அதிகம். கன்சோல்களின் வன்பொருள் டிகோடருக்கு அது ஒத்துவராது. இரண்டாவது 'லெவல்' எனப்படும் அளவு, வீடியோவைப் பிரித்து ஓட்ட எவ்வளவு சக்தி வேண்டும் என்று சொல்லும் எண். பிஎஸ்3 4.1 வரைக்கும், பிஎஸ்4 4.2 வரைக்கும் ஏற்கும். 1080பி படத்தை 5.1 லெவலில் என்கோட் செய்திருந்தால், படம் வந்தாலும் கட்டம் கட்டமாக உடையலாம், அல்லது வரவே வராது.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? 'மீடியாஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் ஃபைலை இழுத்துப் போட்டால் வீடியோ வகை, லெவல், எத்தனை பிட், ஆடியோ வகை, பிட்ரேட் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். யாரிடமாவது உதவி கேட்கும் முன் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'படம் ஓடலை' என்று மட்டும் சொன்னால் எவராலும் பதில் சொல்ல முடியாது.

படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை.

பெரும்பாலும் டிடிஎஸ் என்ற ஆடியோ வகைதான் காரணம். ப்ளூரேயிலிருந்து எடுத்த ஃபைல்களில் அது சகஜம். பிஎஸ்4இன் எம்கேவி ஆதரவுப் பட்டியலில் டிடிஎஸ் இல்லை. வீடியோவைத் தொடாமல் ஆடியோவை மட்டும் ஏசி3 ஆக மாற்றினால் போதும். 640 கிலோபிட் வைத்தால் வீட்டு ஸ்பீக்கரில் குறை தெரியாது. எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்று மென்பொருள் தெரிந்தவர்களுக்கு ஒரு வரி வேலை. வீடியோவை நகலெடு, ஆடியோவை மாற்று என்று சொல்வதுதான். ஒரு முழுப் படமும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இன்னொரு வகை நம் ஊர்ப் படங்களுக்கே உரியது. ஒரே ஃபைலில் தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம் என்று நாலு ஆடியோ இருக்கும். முதல் தட்டில் இந்தி இருந்தால் கன்சோல் இந்தியில்தான் பேசும். சில சமயம் முதல் ஆடியோ ஆதரிக்காத வகையாக இருந்து, இரண்டாவது நல்ல வகையாக இருந்தாலும் மௌனம்தான். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, தமிழ் ஆடியோவை மேலே இழுத்து, அதையே இயல்பானது என்று குறித்து, வேண்டாதவற்றின் டிக்கை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். தரம் துளியும் குறையாது, ஃபைலின் அளவும் கொஞ்சம் இறங்கும்.

பிஎஸ்3இல் சுமார் 20 நிமிடம் ஓடியபின் சத்தம் நின்று ஒரு செய்தி வருகிறது. ஹோம் தியேட்டர் கெட்டுவிட்டதா?

இல்லை. செய்தியில் 'சினேவியா' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். சில திரையரங்குப் படங்களிலும் ப்ளூரே டிஸ்குகளிலும் ஒலிக்குள்ளேயே காதுக்குத் தெரியாத ஒரு அடையாளத்தைப் பதித்து வைப்பார்கள். பிஎஸ்3, 2009இல் வந்த 3.10 மென்பொருளிலிருந்து அதைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தால் சத்தத்தை நிறுத்தும், அல்லது படத்தையே நிறுத்தும். கேபிளை மாற்றுவது, ஏசி3 ஆக்குவது, சர்வரை மாற்றுவது எதுவும் பலிக்காது. அடையாளம் ஒலியிலேயே கலந்திருப்பதால் எந்த வடிவுக்கு மாற்றினாலும் கூடவே வரும்.

எரிச்சல் என்னவென்றால், காசு கொடுத்து டிஸ்க் வாங்கித் தன் வசதிக்காக நாஸில் போட்டு வைத்தவருக்கும் இதே கதிதான். டிஸ்க் உங்களிடம் இருந்தால் அதையே போட்டுப் பாருங்கள். பிஎஸ்3இல் ப்ளூரே டிரைவ் இருக்கிறதே.

மாற்றி வைப்பதா, சர்வரே ஓடும்போது மாற்றட்டும் என்று விடுவதா?

வேலைகள் இரண்டு, இரண்டுக்கும் பெயர் வேறு. கேரியரை மட்டும் மாற்றுவது ரீமக்ஸ். வீடியோவையே பிரித்து மறுபடி சுருக்குவது டிரான்ஸ்கோட். ரீமக்ஸில் தரம் குறையாது, பழைய நாஸ்கூடச் செய்யும். டிரான்ஸ்கோடுக்கு நல்ல பிராசஸர் வேண்டும். விலை குறைந்த நாஸ்களில் இருக்கும் ஏஆர்எம் சிப்புகள் ஒரு 1080பி படத்தை ஓடும் வேகத்திலேயே மாற்ற முடியாமல் திணறும். 4கே என்றால் கேட்கவே வேண்டாம். அப்போது திரையில் தெரிவது 'பஃபர்' சுழல்தான், நீங்கள் வைஃபையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். நாஸின் நிர்வாகப் பக்கத்தில் சிபியு 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

இன்டெல் சிப் உள்ள நாஸில் 'குவிக் சிங்க்' என்ற வன்பொருள் வசதி இருந்தால் கதை வேறு. ஜெல்லிஃபின் அதை இலவசமாகப் பயன்படுத்தும். பிளெக்ஸில் அதற்குக் கட்டணச் சந்தா வேண்டும்.

என் பரிந்துரை: திரும்பத் திரும்பப் பார்க்கும் படங்களை ஒரு முறை கம்ப்யூட்டரில் சரியான வடிவுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். எம்கேவி ஹெச்.264ஐ பிஎஸ்3க்குக் கொண்டுபோக டிஎஸ்மக்ஸர் என்ற மென்பொருளில் எம்2டிஎஸ் என்ற கேரியருக்கு மாற்றினால் போதும். ஹெச்இவிசியை பிஎஸ்4க்குக் கொண்டுபோக ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் மறுபடி என்கோட் செய்தாக வேண்டும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். ஒரே தடவை பார்க்கப் போகும் படத்துக்கு இவ்வளவு பாடு வேண்டாம். அதை சர்வரே மாற்றட்டும்.

படம் நின்று நின்று ஓடுகிறது. இணைய பிளானை 300 எம்பிபிஎஸ் ஆக்கினால் சரியாகுமா?

ஆகாது. வீட்டுக்குள் நாஸிலிருந்து கன்சோலுக்குப் போகும் படம் இணையத்தைத் தொடுவதே இல்லை. ஃபைபரைப் பிடுங்கிவிட்டாலும் ஓட வேண்டும். கன்சோல் செட்டிங்ஸில் உள்ள வேகச் சோதனையும் இணைய வேகத்தைத்தான் சொல்லும், வீட்டுக்குள் இருக்கும் வேகத்தை அல்ல.

படத்துக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடலாம். ஜிபியில் உள்ள அளவை 8000ஆல் பெருக்கி, படம் ஓடும் விநாடிகளால் வகுங்கள். இரண்டரை மணி நேரப் படம் 9000 விநாடி. ஃபைல் 4.5 ஜிபி என்றால் 36,000ஐ 9000ஆல் வகுக்க 4 எம்பிபிஎஸ். இதற்கே திக்கினால் உங்கள் வைஃபையில் ஏதோ பெரிய கோளாறு. அதே நீளத்தில் 60 ஜிபி 4கே ஃபைல் என்றால் சராசரியே 53 எம்பிபிஎஸ். சண்டைக் காட்சியில், மழையில், கூட்டத்தில் அது இன்னும் மேலே எகிறும். ப்ளூரே டிஸ்கின் வீடியோ உச்சம் 40 எம்பிபிஎஸ். 4கே டிஸ்கில் மொத்தமாக 100ஐயும் தாண்டலாம். எப்போதும் அதே சண்டைக் காட்சியில்தான் நிற்கிறது என்றால் காரணம் இந்த உச்சம்தான்.

இப்போது வழியைப் பாருங்கள். பிஎஸ்3இன் வைஃபை பழைய 802.11ஜி வகை. அட்டையில் 54 எம்பிபிஎஸ் என்று இருந்தாலும் கைக்கு வருவது 20ஐ ஒட்டித்தான். முதல் தலைமுறை பிஎஸ்4இல் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையே கிடையாது. ஸ்லிம், ப்ரோ வந்த பிறகுதான் சேர்த்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸில் பத்து வீட்டு ரவுட்டர்கள் மோதிக்கொள்ளும்போது அந்த பிஎஸ்4இடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. நாஸும் வைஃபையில், கன்சோலும் வைஃபையில் என்றால் ஒவ்வொரு துணுக்கும் காற்றில் இரண்டு முறை போக வேண்டும், வேகம் பாதியாகும். குறைந்தது நாஸையாவது ரவுட்டரில் கேபிளில் மாட்டுங்கள்.

ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருக்குமோ என்று சிலர் சந்தேகப்படுவார்கள். பழைய டிஸ்க்கூட விநாடிக்கு 100 மெகாபைட் ஒட்டிப் படிக்கும், அதாவது 800 எம்பிபிஎஸ். டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தால் ஒழிய அது காரணமாக இருக்காது.

கேபிள் போட்டும் 100க்கு மேல் போகவில்லை.

கேபிளின் முனையைப் பாருங்கள். எட்டு கம்பிகளில் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி என்று நாலை மட்டும் கிரிம்ப் செய்து, நீலத்தையும் பழுப்பையும் வெட்டிவிட்டுப் போகும் வழக்கம் நம் ஊரில் உண்டு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு அந்த நாலு போதும், அதனால் இணையம் ஓடும், யாருக்கும் சந்தேகம் வராது. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கண்ணாடிபோல் இருக்கும் அந்தப் பிளக்கை வெளிச்சத்தில் பிடித்தாலே எத்தனை நிறம் உள்ளே வருகிறது என்று தெரியும். குறைந்திருந்தால் புதிதாக கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள், அல்லது ஆயத்தமாக விற்கும் கேட்6 கேபிள் ஒன்று வாங்குங்கள். ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தானா என்பதையும் பாருங்கள், ஃபைபர் பெட்டிகளில் அப்படிப்பட்டவை இன்னும் இருக்கின்றன. சொல்லப்போனால் 1080பி வரைக்கும் 100 எம்பிபிஎஸ் கேபிளே தாராளம். அது நிஜமாகவே 90க்கு மேல் தரும், வைஃபை மாதிரி ஏறி இறங்காது.

சுவரைத் துளைக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் மின்கம்பி வழியே நெட்வொர்க் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர் உண்டு. ஆனால் இரண்டு முனைகளும் வேறு வேறு ஃபேஸில் இருந்தாலோ, ஒன்று இன்வெர்ட்டர் லைனில் இருந்தாலோ சொதப்பும். திருப்பிக் கொடுக்க வாய்ப்புள்ள இடத்தில் வாங்குங்கள்.

படம் தொடங்கவே பத்து விநாடி ஆகிறது, சில சமயம் 'சர்வர் பதில் தரவில்லை' என்கிறது.

நாஸின் டிஸ்க் தூங்கியிருக்கும். சுழன்று எழ அவ்வளவு நேரம் ஆகும். மறுபடி ஒரு முறை அழுத்தினால் சரியாக ஓடும். தொந்தரவாக இருந்தால் தூங்கும் நேரத்தை 20 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரமாகக் கூட்டுங்கள்.

முன்னே பின்னே தள்ள முடியவில்லை.

சர்வர் ஓட ஓட மாற்றிக்கொண்டிருந்தால் படத்தின் பின்பகுதி இன்னும் உருவாகவே இல்லை, கன்சோல் எங்கே தாவும்? மாற்றாமல் நேரடியாக ஓடும் எம்பி4இலும் இது நடந்தால், ஃபைலின் உள்ளடக்க அட்டவணை கடைசியில் இருக்கிறது என்று அர்த்தம். ஹேண்ட்பிரேக்கில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்ற டிக்கைப் போட்டு எடுத்தால் அது முன்னால் வந்துவிடும்.

சப்டைட்டில் வரவில்லை. வந்தாலும் தமிழ் எழுத்துகள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன.

டிஎல்என்ஏ வழியே தனி எஸ்ஆர்டி (சப்டைட்டில்) ஃபைலை எடுத்துக்கொள்வதில் கன்சோல்கள் சோம்பேறிகள். பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்றவற்றின் ஆப் இருந்தால் அதில் பாருங்கள். இல்லாவிட்டால் சப்டைட்டிலைப் படத்திலேயே பதித்து அனுப்பும்படி சர்வரிடம் சொல்லுங்கள். அதற்கு டிரான்ஸ்கோட் தேவைப்படும், மேலே சொன்ன சிபியு கணக்கு இங்கேயும் பொருந்தும்.

பெட்டிகள் வருவது எழுத்துரு இல்லாததால். சப்டைட்டிலைப் பதிப்பது சர்வர், ஆகவே தமிழ் எழுத்துரு இருக்க வேண்டியது சர்வரில். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை அங்கே நிறுவுங்கள். ஜெல்லிஃபினில் மாற்று எழுத்துரு ஃபோல்டர் ஒன்றைக் காட்டவே செட்டிங் இருக்கிறது. பெட்டிகளுக்குப் பதிலாக விசித்திரக் குறிகள் வந்தால் ஃபைலின் குறியேற்றம் தவறு. எஸ்ஆர்டியை நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். திறக்கும்போதே நோட்பேடிலும் குப்பையாக இருந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய பழைய தமிழ்க் குறியேற்றம். வேறு சப்டைட்டில் தேடுவதுதான் சீக்கிரம்.

பிஎஸ்5இல் மீடியா பிளேயர் ஆப்பைக் காணோமே?

இல்லை. 2020இல் வந்த அந்தக் கன்சோலில் டிஎல்என்ஏவே கிடையாது. பிஎஸ்4க்கான அந்த ஆப்பும் இதில் வராது. நாஸில் பிளெக்ஸ் சர்வரைப் போட்டு, பிஎஸ்5இல் பிளெக்ஸ் ஆப்பை இறக்குவதுதான் நேர்வழி. வீட்டுக்குள் பார்க்க அதற்குக் கட்டணம் இல்லை. கேம் விளையாடும் பெட்டியில் இவ்வளவு சக்தியை வைத்துக்கொண்டு ஒரு சாதாரண வீடியோ பிளேயரைக் கொடுக்காதது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

இதில் பாஸ்வேர்டு எங்கே போடுவது?

டிஎல்என்ஏவில் பாஸ்வேர்டு கிடையாது. உங்கள் வைஃபையில் இருக்கும் யாரும் பட்டியலைப் பார்க்கலாம், ஓட்டலாம். குடும்ப வீடியோக்களை அந்த ஃபோல்டரில் வைக்காதீர்கள். குழந்தைகள் பார்க்கக்கூடாத படங்களையும்தான். வெளியூரிலிருந்து பார்க்கலாம் என்று ரவுட்டரில் அதற்கு போர்ட் திறந்துவிடும் யோசனை வேண்டவே வேண்டாம். வெளியே இருந்து பார்க்க வேண்டுமென்றால் விபிஎன் போட்டு வீட்டுக்குள் வாருங்கள்.

இதற்கெல்லாம் பதில் ஒரு டிவி ஸ்டிக் வாங்கிவிடலாமா?

படம் பார்ப்பது மட்டும்தான் நோக்கமென்றால், வாங்கலாம். ஸ்டிக்கில் விஎல்சியோ கோடியோ போட்டால் மேலே சொன்ன வடிவத் தகராறுகளில் பெரும்பகுதி எழாது. கன்சோல் ஒரு படத்துக்குப் பல பத்து வாட் இழுக்கும், ஃபேனும் சத்தம் போடும். ஸ்டிக் சில வாட்டில் முடித்துவிடும். வாங்கும் முன் ஹெச்இவிசி ஆதரவு உண்டா, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை உண்டா என்று மட்டும் பாருங்கள். ஏற்கெனவே எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் அல்லது அதற்குப் பிந்தையது வீட்டில் இருந்தால் ஸ்டிக் தேவையில்லை, அதிலேயே விஎல்சி போடுங்கள். பிஎஸ்3 வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம்.